ஊருக்கு ஓய்வெடுக்க வாறவங்க மருந்து, கிளினிக் பத்திக் கேக்கிற கேள்விகள் (மட்டக்களப்பு, அம்பாறை)

லண்டன், கனடா, சுவிஸ், நோர்வே எண்டு இருபது முப்பது வருசம் வேலை செய்துபோட்டு பென்ஷனோட திரும்பி வாற எங்கட ஆக்கள் இப்ப கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி, கல்முனை, திருக்கோவில் எண்டு எல்லாப் பக்கமும் இருக்காங்க. வீடு கட்ட, கிணறு வெட்ட, மாமரம் நட எல்லாத்துக்கும் பிளான் இருக்கும், மருந்துக்கு மட்டும் "அது அங்கயிருந்து பிள்ளைகள் அனுப்புவாங்க" எண்டு சொல்லுவாங்க. நான் மட்டக்களப்பு டவுனுக்குள்ள ஒரு பாமசியில மருந்து குடுக்கிற ஆள், முடிஞ்ச குளிசை அட்டையக் கொண்டுவந்து "இது இருக்கா" எண்டு கேக்கிற ஆக்கள நாளும் பாக்கிறன். என்னட்ட வழமையாக் கேக்கிற கேள்விகளையும் நான் சொல்லுற பதிலையும்தான் இதில எழுதியிருக்கன். ஒரு விசயத்தத் திரும்பத் திரும்பச் சொல்லப்போறன், பொறுத்துக்கொள்ளுங்க: கொண்டுவந்த மருந்து தீர முதல் இஞ்ச உங்களுக்கெண்டு ஒரு டொக்டரும் ஒரு கிளினிக் கொப்பியும் (அரச ஆஸ்பத்திரி கிளினிக்கில பதிஞ்சு தாற கொப்பி) இருக்க வேணும். மருந்தின்ட அளவக் கூட்டுறது குறைக்கிறது டொக்டர்ட வேலை, என்ட வேலை இல்ல, இத வாசிச்சுப்போட்டு நீங்களாச் செய்யுற வேலையும் இல்ல.

கேள்வி: வரக்குள்ள எவ்வளவு மருந்து கொண்டுவரலாம்?

லண்டன்ல ஜிபி எண்ட குடும்ப டொக்டர் கூடினபட்சம் மூணு மாச மருந்துதான் எழுதுவாங்க. அதுக்கு மேல வெளிநாட்டில நிக்கப்போறீங்க எண்டா உங்கட பெயரையே லிஸ்ட்டில இருந்து எடுக்கிற முறைதான் அங்க இருக்கு. கனடாவில வெக்கேஷன் சப்ளை எண்டு கேட்டா கூடுதலாக் கிடைக்கும், அது உங்கட இன்சூரன்ஸப் பொறுத்தது. எவ்வளவு கிடைச்சாலும் அத ரெண்டாப் பிரிச்சு பாதிய கைப்பையில வெச்சிக் கொண்டுவாங்க, பெட்டி கட்டுநாயக்காவில வந்து சேராட்டி அண்டைக்கு இரவு போடுற குளிசைக்கு எங்க போற? முக்கியமா குளிசைகள கழட்டி ஒரு டப்பாவில கொட்டிக்கொண்டு வராதீங்க. கடையில தந்த பெட்டியிலயே, உங்கட பெயர் அடிச்ச லேபலோட, டொக்டர்ட கடிதத்தோட வாங்க. கடிதத்தில மருந்தின்ட கம்பனிப் பெயர் இல்ல, மருந்துப் பெயர், எத்தின மில்லிகிராம், ஒரு நாளைக்கு எத்தின தரம், என்ன வருத்தத்துக்கு எண்டு இருக்க வேணும்.

சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வேயில இருந்து வாறவங்களுக்கு ஒரு சொல். ரிப்போட்டெல்லாம் ஜெர்மன்லயும் பிரெஞ்சிலயும் நோர்வேஜியன்லயும் இருந்தா இஞ்ச ஒரு டொக்டராலயும் வாசிக்க ஏலா. வெளிக்கிட முதல் உங்கட டொக்டரிட்ட இங்கிலீஸ்ல ஒரு பக்கச் சுருக்கம் எழுதி வாங்குங்க. ஸ்டென்ட் வெச்ச ஆக்கள் எந்த இரத்தக் குழாயில, எந்தத் திகதியில எண்ட விபரத்தையும் கடைசி ஈசிஜி, எக்கோ ரிப்போட்டையும் கட்டாயம் எடுங்க. அம்பாறைப் பெரியாஸ்பத்திரியில சிங்களம் கதைக்கிற டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும்தான் கனக்க, அந்த நேரம் இந்த ஒரு பக்கக் கடுதாசிதான் உங்களுக்காகக் கதைக்கும்.

மறந்துபோற இன்னொண்டு தடுப்பூசி. நியூமோனியாவுக்கு, அக்கிக்கு எண்டு வயசானவங்களுக்கு அங்க சும்மா போடுற ஊசிகள போட்டுக்கொண்டே வாங்க.

கேள்வி: நான் இஞ்சயிருந்து ஜிபிட ஆப்பில மருந்த ஓடர் பண்ணினா லண்டன்ல தங்கச்சி எடுத்து பார்சல்ல அனுப்புவா, அப்பிடியே கொண்டுபோகலாம்தானே?

ஏலா எண்டுதான் நான் சொல்லுவன். முதலாவது, நீங்க நாட்டில இல்லாம நாட்டில இருக்கிற மாதிரி மருந்து எடுக்கிறது முறையில்ல, ஜிபி வருசத்துக்கு ஒருக்கா செக் பண்ணக் கூப்பிடுவாங்க, நீங்க போகாட்டி மருந்த நிப்பாட்டுவாங்க. ரெண்டாவது, மருந்து பார்சல் இலங்கைக்குள்ள வாறது உடுப்பு பார்சல் வாறது போல இல்ல, 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டத்தோட வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைதான் நாட்டுக்குள்ள வாற மருந்துக்குப் பொறுப்பு, அவங்கட அனுமதி இல்லாம சுங்கம் பிடிச்சு வெச்சா பார்சல் அங்கயே கிடக்கும், நீங்க மட்டக்களப்பில இருந்து கொழும்புக்கு அலையோணும். மூணாவதுதான் எனக்குப் பெரிசு. மருந்து பார்சல்ல வருது எண்டா ஆரும் உங்கட பிரசர பாக்கல்ல, இரத்தம் சோதிக்கல்ல, சிறுநீரகம் எப்பிடி இருக்கு எண்டு தெரியா. குளிசை வருது, டொக்டர் வரல்ல.

இஞ்ச கிடைக்காத ஒரு மருந்துதான் வேணும், வேற வழியில்ல எண்டா அத ஸ்பெஷலிஸ்ட் ஒராள எழுதவெச்சி அதிகாரசபையிட்ட முறையா அனுமதி கேட்டு எடுக்கிறதுதான் நல்லம்.

கேள்வி: அங்க இருக்கிற ஹெல்த் கவர் எனக்குத் தொடருமா?

இங்கிலாந்தில என்எச்எஸ் எண்ட அரச சுகாதார சேவை நீங்க கட்டின காசப் பாத்து இல்ல, நீங்க அங்க குடியிருக்கிறீங்களா எண்டதப் பாத்துத்தான். நிரந்தரமா வெளிக்கிட்டா அந்த உரிமை போயிடும், பாஸ்போட் பிரிட்டிஷ் எண்டாலும்தான். மறுகா பேரப்பிள்ளையப் பாக்கப் போற நேரம் வருத்தம் வந்தா அவசரப் பிரிவில பாக்கிறது இலவசம், ஆனா வார்ட்டில அனுமதிச்சா வெளிநாட்டு விசிட்டருக்குப் போடுற பில், அது என்எச்எஸ் கணக்கில 150 வீதம். அதால லண்டனுக்கு விசிட் போறதெண்டாலும் டிரவல் இன்சூரன்ஸ் எடுத்துக்கொண்டு போங்க. திரும்பியும் குடியிருக்கவே போறீங்க எண்டா போன நாளில இருந்தே உரிமை வரும், குடியிருக்க வந்ததுக்கு ஆதாரம் காட்டச் சொல்லுவாங்க. ஐரோப்பாவில ஓய்வெடுக்கிறவங்களுக்கு இருக்கிற எஸ்1 போர்ம் இலங்கைக்குச் செல்லாது.

கனடாவில ஒன்ராறியோ ஆக்களுக்கு ஓஹிப் எண்ட மாகாண மருத்துவக் காப்புறுதி வேணுமெண்டா எந்த 12 மாசத்திலயும் 153 நாள் அங்க நிக்க வேணும். சில பேர் அதுக்காகவே வருசத்தில பாதி அங்க, பாதி இஞ்ச. உடம்பு குடுக்கிறவரைக்கும் நல்ல ஏற்பாடு. சுவிஸ்காரருக்கு பதிவ வெட்டி இலங்கைக்கு வந்தா கிராங்கன்காச எண்ட மருத்துவக் காப்புறுதி முடிஞ்சுது, திரும்பிப் போய்க் குடியேறினா மூணு மாசத்துக்குள்ள பதிய வேணும், என்ன வருத்தம் இருந்தாலும் அடிப்படைக் காப்புறுதிக்கு மாட்டன் எண்டு சொல்ல அவங்களுக்கு ஏலா.

கேள்வி: ஊருக்கு வந்தா முதல் வேலை என்ன?

வந்து ஒரு மாசத்துக்குள்ள கிளினிக் கொப்பி. வீட்டு வேலை, கோயில் திருவிழா, சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் முடியட்டும் எண்டு தள்ளிக்கொண்டே போவாங்க, பெட்டியில மருந்து இருக்கிறதால பயம் வராது. அப்பிடி இருக்கக்குள்ள மூணு மாசம் ஓடிப்போயிடும். கையில மருந்து இருக்கிற நேரம்தான் மாத்துறதுக்கு நல்ல நேரம், ஏனெண்டா புது மருந்து ஒத்துக்கொள்ளாட்டி பழையதுக்குத் திரும்ப ஏலும்.

பதியிற முறை இதுதான். கிட்ட இருக்கிற அரச ஆஸ்பத்திரி ஓபிடிக்கு (வெளிநோயாளர் பிரிவு) உங்கட கடிதத்தோட, ரிப்போட்டோட போங்க, அவங்க மெடிக்கல் கிளினிக்குக்கு, இல்லாட்டி இருதய, சீனி கிளினிக்குக்கு எழுதி விடுவாங்க. பிறைவேட்டில ஒரு ஸ்பெஷலிஸ்ட்ட சனல் பண்ணி (காசு கட்டி நேரம் எடுத்து) காட்டி, அவர்ட கடிதத்தோட போறதும் நடக்கிறதுதான். கொப்பி கிடைச்சா மாசா மாசம் ஒரு நாள், விடிய வெள்ளண போய் நம்பர் எடுத்து, டொக்டரப் பாத்து, மருந்து வரிசையில நிண்டு எடுத்துக்கொண்டு வாறது. அரைநாள் போகும்தான். வெளிநாட்டில அப்பொயின்மென்ட் நேரத்துக்குப் போய்ப் பழகினவங்களுக்கு முதல் ரெண்டு மூணு மாசம் கஷ்டமா இருக்கும், பிறகு அதே வாங்கில பக்கத்தில இருக்கிற ஆக்களோட கதைச்சுப் பழகிடுவாங்க.

எல்லாத்துக்கும் மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குத்தான் ஓடோணும் எண்டில்ல. களுவாஞ்சிகுடி, வாழைச்சேனை, ஏறாவூர், காத்தான்குடியில ஆதார வைத்தியசாலை இருக்கு, கல்முனையில வடக்கு ஆதார வைத்தியசாலையும் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் இருக்கு, தெற்கால அக்கரைப்பற்று, திருக்கோவில். சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் மாதிரி மாசா மாசம் எடுக்கிறதுக்கு வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஆஸ்பத்திரிதான் நல்லம், எழுபது வயசில மழைக்குள்ள பஸ் ஏறி இறங்கிற தூரத்தையும் நினைச்சுப் பாருங்க. புற்றுநோய், இருதயம், நரம்பு எண்டா போதனாவைத்தியசாலை, அதுக்கும் மேல கொழும்பு.

டொக்டர்மார் இடமாற்றத்தில போவாங்க, வாறவருக்கு உங்களத் தெரியா. அதால ஒரு பைல் வாங்கி எல்லா ரிப்போட்டையும் திகதி வரிசையா நீங்களே வெச்சிருங்க.

கேள்வி: என்னட்ட பிரிட்டிஷ் பாஸ்போட்தான் இருக்கு, அரச ஆஸ்பத்திரி எனக்கும் இலவசமா?

இலங்கைப் பிரஜைக்குத்தான் இலவசம், வெளிநாட்டுப் பிரஜையிட்ட காசு அறவிடுற முறை இருக்கு. இஞ்ச நிரந்தரமா இருக்கப்போறீங்க எண்டா இரட்டைப் பிரஜாவுரிமைக்கு அங்க இருக்கக்குள்ளயே விண்ணப்பியுங்க, 55 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு அதில ஒரு வழி இருக்கு. காணி, வங்கி எண்டு வேற காரணத்துக்காகவும் உதவும், ஆனா ஆஸ்பத்திரி ஒண்டுக்காகவே செய்யலாம்.

கேள்வி: நான் போடுற குளிசை இஞ்ச கிடைக்குமா?

மெட்போர்மின், கிளிக்லசைட், அம்லோடிபின், லொசார்டன், அட்டோவாஸ்டட்டின், அஸ்பிரின், குளோபிடோகிரல், தைரொக்சின், வார்பரின் எல்லாம் இஞ்ச சாதாரணமா இருக்கிற மருந்து, கிளினிக்கிலயும் குடுப்பாங்க, அரச மருந்துக்கடையான ஒசுசலயிலயும் இருக்கும், பிறைவேட் பாமசியிலயும் இருக்கும். எம்பாக்லிபுளோசின், அபிக்சபான் மாதிரி கொஞ்சம் புது மருந்துகள் வெளியில காசுக்கு வாங்குறதா இருக்கும். மூட்டு வாதத்துக்கும் குடல் வருத்தத்துக்கும் போடுற விலை கூடின பயோலொஜிக் ஊசிகள் எண்டா வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதலே இஞ்ச ஒரு ஸ்பெஷலிஸ்ட்டோட கதைச்சு முடிவெடுங்க. வந்து இறங்கிப்போட்டுத் தேடுற சாமானில்ல அது.

பெயர்தான் ஆக்கள மாட்டுற இடம். கனடாவில அசெட்டமினோபென், டைலனோல் எண்டு வாங்கினது இஞ்ச பரசிட்டமோல், பனடோல். அஸ்பிரின் லண்டன்ல 75, கனடாவில 81, சுவிஸில 100 மில்லிகிராம், மூண்டும் ஒரே வேலைக்குத்தான், "எனக்கு 81 தான் வேணும்" எண்டு கடை கடையா அலையத் தேவையில்ல, டொக்டர் இஞ்ச இருக்கிற அளவ எழுதுவார்.

இதவிட ஆபத்தானது கூட்டுக் குளிசை. எங்கட பக்கம் ரெண்டு மருந்த ஒண்டாக்கின குளிசைகள் கனக்க ஓடுது. ஒராள் லண்டன்ல இருந்து கொண்டுவந்த அம்லோடிபினையும் போடுறார், இஞ்ச புதுசா எழுதின டெல்மிசார்டன் குளிசையையும் போடுறார், அந்தப் புதுக் குளிசைக்குள்ளயும் அம்லோடிபின் இருக்கு எண்டு அவருக்குத் தெரியா. கால் வீங்கும், எழும்பினா தலை சுத்தும், குளியலறையில விழுந்து இடுப்பு எலும்பு முறியும். அதால புது மருந்து எழுதின அண்டைக்கு பழைய மருந்து எல்லாத்தையும் ஒரு பையில போட்டு பாமசிக்குக் கொண்டுவந்து "இதில ஒண்டே ரெண்டு தரம் இருக்கா பாருங்க" எண்டு கேளுங்க. கேக்கிறது குறைவில்ல, அது பாத்துச் சொல்லுறதுக்குத்தான் நாங்க நிக்கிறம். நிறத்த வெச்சி குளிசைய அடையாளம் பிடிக்கிற பழக்கத்தையும் விடுங்க. லண்டன்ல வார்பரின் 1 மில்லிகிராம் மண்ணிறம், 3 நீலம், 5 ரோசா எண்டு பழகியிருப்பீங்க, இஞ்ச கம்பனிக்குக் கம்பனி மாறலாம், எழுத்தத்தான் பாக்க வேணும்.

கேள்வி: இஞ்சத்த மருந்து, இந்தியா மருந்து எல்லாம் தரமில்ல எண்டு சொல்றாங்களே?

பயம் வாறது நியாயம். 2023 இல தரமில்லாத இம்யூனோகுளோபுலின் மருந்து விவகாரம் வெளிய வந்து, மறுகா 2024 இல முன்னாள் சுகாதார அமைச்சரே கைதாகினவர், அதப் பாத்த சனத்துக்கு நம்பிக்கை குறையும்தானே. ஆனா அத வெச்சி எல்லாக் குளிசையும் சுண்ணாம்பு எண்டு சொல்ல ஏலா. உங்கட லண்டன் மருந்துப் பெட்டியத் திருப்பிப் பாருங்க, கன பெட்டியில இந்தியாவில செய்தது எண்டுதான் இருக்கும். நம்பிக்கை இல்லாட்டி அதுக்கு வழி அளந்து பாக்கிறதுதான்: மருந்து மாத்தினா ரெண்டு கிழமைக்கு வீட்டில பிரசர எழுதுங்க, மூணு மாசத்தில எச்பிஏ1சி (மூணு மாசச் சுகர் சராசரி பாக்கிற சோதனை) செய்யுங்க. நம்பர் நல்லா இருந்தா மருந்து வேலை செய்யுது. பெட்டியில்லாம, திகதி வெட்டுப்பட்ட அட்டையில தந்தா வாங்காதீங்க, அது எந்த நாட்டு மருந்தெண்டாலும்.

கேள்வி: வந்த பிறகு சுகர் 140 எண்டு காட்டுது, அங்க 7, 8 தானே இருந்தது, கூடிட்டுதா?

கூடல்ல. அங்க அளக்கிற அலகு வேற, இஞ்ச வேற. லண்டன், கனடாவில மில்லிமோல், இஞ்ச மில்லிகிராம், அங்கத்த நம்பர 18 ஆல பெருக்கினா இஞ்சத்த நம்பர். 7 எண்டா 126, 7.8 எண்டா 140, 10 எண்டா 180. கொலஸ்ட்ரோலுக்கு ஏறக்குறைய 38.7 ஆல பெருக்கோணும், 5 எண்டா 193. சிறுநீரகச் சோதனையில வாற கிரியற்றினின் மற்றப் பக்கம், அங்கத்த நம்பர 88 ஆல பிரிக்கோணும். எச்பிஏ1சி லண்டன்ல 48, 53 எண்டு சொல்லியிருப்பாங்க, 48 எண்டா இஞ்ச 6.5 வீதம், 53 எண்டா 7, 64 எண்டா 8. இந்த நாலையும் ஒரு துண்டில எழுதி பைல்ட முன்பக்கம் ஒட்டுங்க.

சுகர் பாக்கிற மெஷின் அங்கயிருந்து கொண்டுவாறதில ஒரு சிக்கல், மெஷின் இருக்கும், ஸ்ட்ரிப் இஞ்ச கிடைக்காது. ஸ்ட்ரிப் எது எந்த நாளும் கிடைக்கும் எண்டு உங்கட ஊர் பாமசியில கேட்டுப்போட்டு அதுக்குப் பொருந்துற மெஷின வாங்குங்க. கையில ஒட்டுற சென்சர் பழகினவங்க, அது மட்டக்களப்புக் கடையில போய் உடன வாங்குற சாமான் இல்ல எண்டு நினைச்சு, விரல்ல குத்திப் பாக்கவும் பழகிக்கொண்டு வாங்க. பிரசர் மெஷின் கட்டாயம் கொண்டுவாங்க.

கேள்வி: இன்சுலின் இந்த வெக்கையில பழுதாகாதா, கறண்டும் போகுதே?

பழுதாகும், கவனிக்காட்டி. திறக்காத இன்சுலின் பிரிட்ஜில 2 இல இருந்து 8 பாகைக்குள்ள இருக்கோணும், கதவுத் தட்டில வையுங்க, ஐஸ் கட்டுற பெட்டிக்குள்ள வைக்காதீங்க, உறைஞ்சா அது முடிஞ்சுது, உருகினாப்போல திரும்பப் பாவிக்க ஏலா. திறந்தது பெரும்பாலும் நாலு கிழமைக்கு 30 பாகைக்குக் கீழ வெளியில வெச்சிருக்கலாம், ஆனா கச்சான் காத்து அடிக்கிற மாசங்களில எங்கட வீட்டுக்குள்ள மத்தியானம் 30 ல நிக்காது. அந்த நேரத்துக்கு பெரிய மண் முட்டிக்குள்ள ஈர மணல் போட்டு அதுக்குள்ள சின்ன முட்டிய வெச்சி, ஈரத்துணியால மூடி காத்துப்படுற நிழல்ல வெச்சா நல்லாக் குளிர்ச்சி நிக்கும், காத்து காய்ஞ்சதா இருக்க இருக்கக் குளிர்ச்சி கூடும், கச்சானுக்குப் பொருத்தம். இன்சுலின ஒரு பையில இறுக்கிக் கட்டி நனையாம வையுங்க. மாரி காலத்தில காத்து ஈரம், அப்ப முட்டி அவ்வளவு வேலை செய்யாது, ஆனா வெக்கையும் குறைவு.

கிளினிக்கில குடுக்கிறது பெரும்பாலும் போத்தல் இன்சுலின், சிரிஞ்சில எடுத்துப் போடுறது. பென் பழகினவங்க ஒரு நேர்ஸிட்ட கேட்டு எடுக்கிற முறைய வடிவாப் பழகுங்க. அங்க போட்ட இன்சுலினும் இஞ்ச குடுக்கிற இன்சுலினும் ஒரே வகை இல்லாட்டி, அதே யூனிட் அப்பிடியே போட ஏலா, டொக்டர் கணக்குப் பாத்துத்தான் மாத்தோணும். பகலும் இரவும் சுகர் கூடுதலாப் பாக்கிற நாள் அது.

கேள்வி: கிளினிக்கில மருந்து இல்ல, வெளிய வாங்கச் சொல்றாங்க. இப்பிடித்தான் எப்பவுமா?

எப்பவும் இல்ல, ஆனா நடக்கும். 2022 இல நாட்டில டொலர் இல்லாத நேரம் அரச ஆஸ்பத்திரியில சாதாரண மருந்தே இல்லாமப் போனத எல்லாரும் கண்டம். இப்பவும் அஞ்சு மருந்தில ஒண்டு வெளிய எழுதுறது சகஜம். அதுக்கு மாசம் கொஞ்சக் காசு ஒதுக்கி வையுங்க, கையில எப்பவும் ரெண்டு மூணு கிழமை மருந்து கூடுதலா இருக்கட்டும். கார்த்திகை, மார்கழி, தையில அது இன்னும் முக்கியம். 2011 தையில வந்த வெள்ளத்தில படுவான்கரைப் பக்கம் எத்தின நாள் பாதை இல்லாம இருந்த எண்டு ஊராக்கள் சொல்லுவாங்க. மழை தொடங்க முதல் மருந்த எண்ணிப் பாருங்க, பொலித்தீன்ல கட்டி உயரத்தில வையுங்க.

கேள்வி: ஒருக்கா எழுதின துண்டக் காட்டி எத்தின நாளைக்கு மருந்து வாங்கலாம்?

இஞ்ச லண்டன் மாதிரி கம்பியூட்டர்ல தானா வாற ரிபீட் முறை இல்ல. டொக்டர் எழுதின காலத்துக்குத்தான் அந்தத் துண்டு. ஆனா மடிச்சு மடிச்சுக் கிழிஞ்ச துண்டக் கொண்டுவந்து வருசக்கணக்கா அதே மருந்த வாங்குற ஆக்கள் இருக்காங்க, குடுக்கிற கடையும் இருக்கு. தயவுசெய்து அப்பிடிச் செய்யாதீங்க. மெட்போர்மின் போடுற ஆளுக்கு சிறுநீரகம் எப்பிடி எண்டு பாக்கோணும், லொசார்டனுக்கு பொட்டாசியம் பாக்கோணும், தைரொக்சினுக்கு டிஎஸ்எச் எண்ட தைரொயிட் சோதனை. போன வருசம் சரியா இருந்த அளவு இந்த வருசம் கூடிப்போயிருக்கலாம், ஏனெண்டா ஊருக்கு வந்தா உடம்பே மாறும்: வேர்வை, வெக்கை, மூணு நேரமும் சோறு, கட்டித்தயிர், கருவாடு. கருவாட்டு உப்பு பிரசரக் கூட்டும், காலையில கடற்கரையில நடக்கத் தொடங்கினா சுகர் குறையும். வார்பரின் போடுறவங்களுக்கு வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கையிலை எல்லாம் சாப்பிடலாம், ஒரு கிழமை நாளும் கீரை, அடுத்த கிழமை ஒண்டும் இல்ல எண்டு சாப்பிடக் கூடாது, அளவு சீரா இருக்கோணும், வந்த முதல் மாசங்களில ஐஎன்ஆர் (இரத்தம் உறையுற வேகம் பாக்கிற சோதனை) அடிக்கடி பாக்கோணும்.

கேள்வி: நோ மருந்து, நித்திரைக் குளிசை?

மோபின், கோடீன், டயசிபாம், பிரிகபலின் எல்லாம் கட்டுப்பாட்டு மருந்து. கடிதமில்லாம கொண்டுவராதீங்க, வெளிக்கிட முதல் அங்க இருக்கிற இலங்கைத் தூதரகத்தில கேட்டு எழுத்தில பதில் வாங்குங்க. கோ-கோடமோல் எண்டு லண்டன்ல சும்மா வாங்குறதுக்குள்ளயும் கோடீன் இருக்கு. கஞ்சாவில செய்த மருந்த கனடாவில டொக்டர் எழுதித் தந்தாலும் தொடவே வேணாம், இஞ்ச பிடிபட்டா சிறை.

கேள்வி: கதிர்காமம் பாதயாத்திரை போக ஆசை, எனக்கு சீனி இருக்கு. போகலாமா?

இந்தக் கேள்விய வெளிநாட்டில இருந்து வாறவங்கதான் கூடக் கேக்கிறாங்க, சின்ன வயசில அம்மாவோட போன பாதை, திரும்ப ஒருக்கா நடக்கோணும் எண்டு. போக வேணாம் எண்டு சொல்ல எனக்கு வாய் வராது. ஆனா உகந்தை முருகன் கோயிலடியில காட்டுப் பாதை திறந்து குமணைக் காட்டுக்குள்ள இறங்கினா நாலஞ்சு நாள் ஆஸ்பத்திரி இல்ல, வெயில், முள்ளு, கொதிக்கிற மணல். ஒரு மாசத்துக்கு முதலே டொக்டரிட்டப் போங்க. ஒரு நாளைக்கு இவ்வளவு நடந்தா இன்சுலினும் கிளிக்லசைடும் வழமை அளவில போட்டா சுகர் விழும், எவ்வளவு குறைக்கிறது எண்டு அவர் சொல்லோணும். வெறுங்கால்ல நடக்கிறது நேர்த்தி எண்டாலும் கால் விறைச்ச ஆக்கள் செருப்பில்லாம நடக்கக் கூடாது, முருகன் அதுக்குக் கோவிக்க மாட்டார். முள்ளுக் குத்தினது உங்களுக்குத் தெரியவே தெரியாது, ரெண்டு நாளில சீழ் பிடிக்கும். பின்னேரம் பின்னேரம் ஆரையும் கொண்டு டோர்ச் அடிச்சு அடிப்பாதத்தப் பாக்கச் சொல்லுங்க. மடியில குளுக்கோஸ், இனிப்பு, கூட வாற ஆளுக்கு உங்கட வருத்தமும் மருந்தும் தெரிஞ்சிருக்கோணும். இருதயத்தில ஸ்டென்ட் வெச்சவங்க உகந்தைவரைக்கும் வாகனத்தில போய்க் கும்பிடுங்க.

வயலுக்க இறங்கிறதும் இப்பிடித்தான். மழைக்குப் பிறகு சேத்தில, வெள்ளத் தண்ணியில எலிக்காய்ச்சல் கிருமியும் மெலியோய்டோசிஸ் எண்ட கிருமியும் இருக்கும், ரெண்டாவது சீனி வருத்தக்காரரத்தான் கூடத் தாக்கும். பூட்ஸ் போடுங்க, புண் இருந்தா இறங்காதீங்க, காய்ச்சல் வந்தா "நான் சீனி வருத்தக்காரன், வயலுக்க நிண்டன்" எண்டு டொக்டரிட்ட நீங்களாச் சொல்லுங்க. டெங்கு காலத்தில எந்தக் காய்ச்சலுக்கும் பரசிட்டமோல் மட்டும், புரூபன், டைக்குளோபெனாக் வேணாம். அஸ்பிரினோ வார்பரினோ போடுற ஆள் எண்டா முதல் நாளே ஆஸ்பத்திரி.

கேள்வி: நாட்டு மருந்து எடுக்கலாமா?

எடுக்கிறதெண்டா ரெண்டு பக்கமும் சொல்லி எடுங்க. பரியாரியாருக்கு உங்கட இங்கிலீஸ் மருந்து தெரியோணும், கிளினிக் டொக்டருக்கு உங்கட கசாயம் தெரியோணும். சிறுநீரகம் பழுதான ஆக்கள் பெயர் தெரியாத தூள் ஒண்டையும் தொடாதீங்க.

கேள்வி: நெஞ்சு நோ, பக்கவாதம் எண்டா எங்க ஓடுற?

1990 க்கு அடியுங்க, சுவசெரிய அம்புலன்ஸ், காசில்ல, 2016 இல கொழும்புப் பக்கம் தொடங்கி மறுகா நாடு முழுக்க வந்தது. வாய் கோணினா, ஒரு கை விழுந்தா, பேச்சுக் குழறினா எத்தின மணிக்குத் தொடங்கினது எண்டு முதல்ல பாருங்க, கட்டிய உடைக்கிற ஊசி போடுறதெண்டா நாலரை மணித்தியாலத்துக்குள்ள. அது போடலாமா இல்லையா எண்டு ஸ்கேன் எடுத்துத்தான் தெரியும். எங்கட ஆக்கள் செய்யுற ஒரு வேலை, "பின்னேரம் சனலுக்கு நல்ல டொக்டர் வாறார், அவரிட்டக் காட்டுவம்" எண்டு காலையில வந்த நெஞ்சு நோவ பின்னேரம் வரைக்கும் வெச்சிருக்கிறது. வேணாம். அரச ஆஸ்பத்திரியின்ட அவசரப் பிரிவுக்கு அப்பவே போங்க, மருந்துப் பட்டியலக் கையில கொண்டுபோங்க.

கேள்வி: காசு எவ்வளவு ஒதுக்கோணும், இன்சூரன்ஸ் கிடைக்குமா?

அறுபத்தஞ்சுக்குப் பிறகு புதுசா இன்சூரன்ஸ் எடுக்கிறது கஷ்டம், எடுத்தாலும் இருக்கிற வருத்தத்துக்குக் கவர் பண்ண மாட்டாங்க, படிவத்தில வருத்தத்த மறைச்சா கடைசியில ஒண்டும் கிடைக்காது. கையில சத்திர சிகிச்சை ஒண்டுக்குக் காணுற காசு தனியா வங்கியில கிடக்கட்டும். லண்டன் ஸ்டேட் பென்ஷன் இலங்கையில இருக்கிறவங்களுக்கு வருசா வருசம் கூடாது, அதே தொகையில நிக்கும். மருந்து விலை அப்பிடி நிக்காது எண்டதையும் கணக்கில எடுங்க. கனடாவில 18 வயசுக்குப் பிறகு 20 வருசம் இருந்தவங்களுக்குத்தான் ஓல்ட் ஏஜ் பென்ஷன் வெளிநாட்டில நிரந்தரமா வரும், வருமானம் குறைஞ்சவங்களுக்குக் குடுக்கிற ஜிஐஎஸ் காசு ஆறு மாசத்தோட நிக்கும். சுவிஸில பென்ஷன் காணாதவங்களுக்கு மேலதிகமாக் குடுக்கிற எர்கென்சுங்ஸ்லைஸ்டுங்கன் காசும் வெளிக்கிட்டா வராது.

கேள்வி: அம்மா அப்பா ஊரில தனிய, நாங்க டொரோண்டோவில. இஞ்சயிருந்து எப்பிடிப் பாக்கிற?

கிளினிக் திகதிய உங்கட போன்ல போடுங்க, கிளினிக் முடிஞ்ச அண்டைக்கு கொப்பியின்ட அந்தப் பக்கத்தப் படம் பிடிச்சு வட்ஸப்ல அனுப்பச் சொல்லுங்க, "எல்லாம் சரி மகள்" எண்ட பதில் காணாது. ஊரில நம்பிக்கையான ஒராள், மருமகனோ பக்கத்து வீட்டு அக்காவோ, அவங்கட போக்குவரத்துச் செலவக் குடுத்து கிளினிக்குக்குக் கூடப் போகச் சொல்லுங்க, சும்மா செய்யச் சொல்லாதீங்க. ஒரே பாமசியில வாங்கச் சொல்லுங்க, அந்தக் கடை நம்பர நீங்களும் வெச்சிருங்க, என்னட்ட கனடாவில இருந்தும் நோர்வேயில இருந்தும் பிள்ளைகள் எடுத்துக் கேக்கிறாங்க, "அப்பா இந்த மாசம் வந்தவரா" எண்டு, நான் பாத்துச் சொல்லுறன். வீடியோ கோல் எடுக்கக்குள்ள முகத்த மட்டும் பாக்காம, பிரசர் மெஷினக் கட்டிக் காட்டச் சொல்லுங்க, காலத் தூக்கி அடிப்பாதத்தக் காட்டச் சொல்லுங்க, மருந்துப் பெட்டிய மேசையில கொட்டி ஒண்டொண்டா வாசிக்கச் சொல்லுங்க. திகதி முடிஞ்சது இருந்தா அப்பவே ஒதுக்கி வெச்சி, அடுத்த தரம் பாமசிக்கு வரக்குள்ள கொண்டுவரச் சொல்லுங்க.